பேட்டரி இறங்கிவிட்டது

கயிற்றை மறுபடியும் இழுத்தாள். படகின் பின்புறம் தொங்கிய குட்டி இன்ஜின் இருமிவிட்டு அடங்கியது.

“எதுக்கும்மா இந்தப் பாடு?” என்றான் மகன். “காத்து நல்லா இருக்கு. பாயை விரிச்சுப் போய் அப்பாவைக் கரைச்சிட்டு சட்டுனு திரும்பிடலாம்.”

“பேட்டரி எறங்கியிருக்குன்னு நீதானே சொன்னே?”

“ஆமா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி இங்க வந்திருக்காரு. கேபின் லைட்டை அணைக்கவே இல்ல. மறதி. புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுடறேன்.”

மறதி. அவள் பக்கத்தில் சால்வை சுற்றி வைத்திருந்த சாம்பல் கலசத்தைப் பார்த்தாள்.

கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் ஆளில்லாத மூலை என்று ஒன்று கிடையாது. கூடத்தில் மாமனார், சமையலறையில் மாமியார், மாடிப்படியில் பரீட்சைக்குப் படிக்கிற நாத்தனார், குளியலறை வாசலில் துண்டோடு எப்போதும் ஒரு கொழுந்தன். புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேச வேண்டும். ஒருநாள் சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “படகுல பேட்டரி எறங்கிடுச்சு. இன்ஜினை ஓட்டி சார்ஜ் ஏத்தணும். கூட ஒரு ஆள் வேணும்.”

“காத்துல போற படகுக்கு எதுக்குடா பேட்டரி?” என்றார் மாமனார்.

“விளக்குக்குப்பா.” காது மடல் சிவந்திருந்தது.

அவருக்குப் பொய் சொல்ல வராது. அதனால் முந்தின நாளே போய் கேபின் விளக்கைப் போட்டுவிட்டு வந்து, பேட்டரியை நிஜமாகவே இறக்கிவிடுவார். அந்தச் சின்ன இன்ஜினில் சார்ஜ் ஏறுவது எறும்பு மலையேறுகிற கதை. அது ஏறி முடியும்வரை கடல் முழுக்க அவர்களுடையது. பின்னால் வீடு காலியானது, பிள்ளைகள் வெளியேறினார்கள்; அவர் மட்டும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். கடைசியாக, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின இரவு.

“முட்டி வலிக்குதுங்க. நாளைக்குப் போகலாம்” என்றிருந்தாள்.

“அத்தை, நீங்களாவது சொல்லுங்களேன்!” மகன் கரையைப் பார்த்துக் கத்தினான்.

படகென்றாலே தலைசுற்றுகிற நாத்தனார் படகுத்துறை விளிம்பில் நின்றிருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் ரேடியோ.

“ஏத்தணும்னா ஏத்தித்தான்டா ஆகணும். அந்த பேட்டரி இல்லேன்னா நீயே இல்ல.”

இன்ஜின் கயிற்றோடு நின்றவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “உனக்குத் தெரியுமா?”

“வீட்டுக்கே தெரியும் அண்ணி. நீங்க ரெண்டு பேரும் படியிறங்கினதும் அப்பா கேப்பாரு, ‘இன்னிக்கு எவ்வளவு ஏறுமாம்?’னு. அம்மா சிரிப்பை அடக்க முடியாம அடுப்புப் பக்கம் திரும்பிக்குவாங்க.”

ஊர் சேதி எல்லாம் வாசிக்கிற ரேடியோ, இதை மட்டும் இத்தனை வருஷம் வாசிக்கவில்லை.

அண்ணிக்கு முகம் சூடானது. இந்த வயதில்.

மகன் இன்ஜின் பக்கம் வந்தான். குனிந்து, சோக்கை வெளியே இழுத்துவிட்டு, கயிற்றை ஒரே வீச்சில் சுண்டினான். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

“நகருங்க, நான் ஓட்டறேன்.”

“எப்பவும் நான்தான் ஓட்டுவேன்.”

“அண்ணனுக்குக் கை ஒழியணுமே!” கரையிலிருந்து குரல் வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது.

மகன் படகின் முன்முனைக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தான். “மெதுவாவே போகலாம்மா” என்றான் திரும்பாமலே.

“ரொம்ப மெதுவா போனா சார்ஜ் ஏறாது. கொஞ்சம் முறுக்கணும்.”

கைப்பிடியை முறுக்கினாள். இன்னொரு கையால் கலசத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். இன்ஜின் சத்தத்தில் அவள் ஏதோ பேசிக்கொண்டே வந்தது மகன் காதில் வார்த்தையாக விழவில்லை.

திரும்பி வந்தபோது சால்வை மடிந்து கிடந்தது. மகன் கரையில் குதித்து, படகைக் கட்டினான்.

“எல்லாம் அணைச்சாச்சாம்மா?”

“நீ முன்னாடி போ. அத்தை தனியா நிக்கிறா.”

அவன் போனதும் கேபின் கதவைச் சாத்தினாள். கதவின் அடி இடுக்கில், பகல் வெளிச்சத்தில் தெரிந்தும் தெரியாமலும், மெல்லிய மஞ்சள் கோடு.