நானூற்றாறு தோல்விகள்

செந்நாரை கால்பந்து சங்கம் மொத்தம் நானூற்றாறு ஆட்டம் ஆடி, நானூற்றாறிலும் தோற்றது. அப்படி ஒரு சங்கம் எந்த ஊரிலும் இருந்ததில்லை. 1954 நவம்பரில், புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வாரம், ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் தொடங்கிய படக்கதையில்தான் அது இருந்தது. பதினோரு பேரில் பத்துப் பேர் கற்பனை. கோல்கீப்பர் மட்டும் மடுகரைக்காரன்.

படம் வரைந்தவர் நெட்டப்பாக்கத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த சுப்பராயலு. கோல்கீப்பருக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, அறுவடை முடிந்த வயலில் தன்னோடு பந்து உதைத்த இருசப்பனின் முகத்தைப் போட்டார். இருசப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனச் சண்டைக்குக் கப்பலேறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கடிதம் நின்று பத்து மாதம். பந்தைப் பார்த்துக் கை விரித்து நிற்கிறவனாகத்தான் சுப்பராயலு அவனை வரைந்தார். அச்சாகி வந்தபோது அவன் பந்துக்கு முதுகைக் காட்டி, படிக்கிறவர்களைப் பார்த்து நின்றான். அச்சகத்தில் விசாரித்தார்கள், யாரும் எதையும் மாற்றவில்லை. பந்து அவனுக்குப் பின்னால் வலைக்குள் போயிற்று. அடுத்த வாரமும் அப்படியே. வாசகர்கள் திட்டி எழுதினார்கள். பத்திரிகை ஆசிரியர் சொன்னதால் சுப்பராயலு வேறு முகம் வரைந்து பார்த்தார். அச்சில் இருசப்பனே வந்தான்.

இருசப்பனின் மனைவி தனக்கொடி கரும்பு வெட்டப் போகிறவள். படிக்கத் தெரியாது. வெல்லம் மடித்து வந்த தாளில் புருஷனைக் கண்டு, அந்தத் தாளோடு நெட்டப்பாக்கத்துக்கு நடந்தாள்.

"கழுத்துல இது இன்னாண்ணே தழும்பு? போவும்போது இல்லியே."

"நான் போடலம்மா," என்றார் சுப்பராயலு. "சத்தியமா நான் போடல."

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு, ஆள் இளைத்திருக்கிறான் என்று, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பானைக் கூழ் போடச் சொன்னாள். போட்டார். மறுவாரம் படத்தில் பானை காலியாக இருந்தது. மழைக்காலத்தில் கம்பளி போட்டார், அவன் போர்த்திக்கொண்டான். இப்படியே ஐந்து வருஷம் அவனுக்குச் சோறு போயிற்று, வேட்டி போயிற்று, ஒரு வருஷம் தீபாவளிக்கு அதிரசம்கூடப் போயிற்று. மாமனார் கலியபெருமாள் மகனுக்குக் காரியம் செய்துவிடலாம் என்று மூன்று தடவை நாள் குறித்தார். மூன்று தடவையும் தனக்கொடி தாலியைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, "துன்ற ஆளுக்கு இன்னாத்துக்கு மாமா காரியம்?" என்று கேட்டாள்.

1960இல் அவள் கேட்டாள்: "வூட்டுக்கு ஒரு வழி போடுண்ணே."

சுப்பராயலு கோல் கோட்டிலிருந்து மடுகரைக் கரும்புக் கொல்லை வரை ஒரு வண்டிப்பாதை வரைந்தார். இருசப்பன் கம்பத்தை விட்டுவிட்டு நடந்தான். காலி கோலில் பந்துகள் விழுந்துகொண்டிருக்க, பதினான்கு வாரம் நடந்தான். மடுகரையில் தனக்கொடி வீட்டுக்குப் புதுக் கீற்று வேய்ந்தாள். கலியபெருமாள்கூட சவரம் செய்துகொண்டு காத்திருந்தார். பதினைந்தாம் வாரம் அவன் கரும்புக் கொல்லைக்கு வந்து, படக் கட்டத்தின் ஓரக் கோட்டில் முட்டி நின்றான். மறுவாரம் சுப்பராயலு கோடே போடாமல் வரைந்தார்; அச்சில் கோடு இருந்தது, முன்னைவிடத் தடிப்பாக. அவர் அச்சகத்துக்கே போய் அச்சுப் பிளாக்கில் இருந்த கோட்டை உளியால் செதுக்கி எடுத்தார். தாளில் அது திரும்ப வந்தது. உள்ளங்கையைக் கோட்டில் வைத்தபடி இருசப்பன் நின்றான். தனக்கொடியும் தாளின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

1962 ஆகஸ்டில் பத்திரிகை நின்றது. கடைசி ஆட்டத்தில் பதினெட்டு கோல். அடுத்த மாதம், இருசப்பன் இறந்ததாகப் பதிந்துவிடலாம் என்று கலியபெருமாள் மருமகளைப் பிறப்பு இறப்பு பதிகிற கொம்யூன் ஆபீசுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த குமாஸ்தா அவள் நீட்டிய கடைசி வாரத் தாளை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூச்சு வுடுறாரேம்மா," என்றார்.

"ஆமாங்க."

"வருவாரா?"

"வர மாட்டாருங்க."

அவர் பதிவேட்டில் 'உயிருடன், வெளியூரில்' என்று எழுதினார். கலியபெருமாள் கீழே கைநாட்டு வைத்தார்.

தனக்கொடி அந்தத் தாளை அடுப்புப் புகை படாத சுவரில் ஒட்டி, மறுநாள் கரும்பு வெட்டப் போனாள். அடுத்த பொங்கலுக்குள் படத்தில் இருசப்பனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அவள் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த அளவுதான் நரைத்திருந்தது.