கொம்பையாவின் மூச்சுத் திணறலில் ஒரு பங்கு

நத்தம்பாறையில் ஒருவருக்கு வந்த நோயை ஊரின் முந்நூற்று நாற்பது வீடுகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருந்தது. திங்கட்கிழமைதோறும் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து தூக்குவாளிகள் வரும். யாருடைய நோய், என்ன கிழமை, எத்தனை மணிக்கு என்று மூடியில் சீட்டு ஒட்டியிருக்கும். வாங்கித் திறந்தால் போதும். யாரோ ஒருத்திக்கு வந்த மஞ்சள்காமாலைக்காக ஊரே ஒரு வியாழக்கிழமை பத்து நிமிஷம் லேசாக மஞ்சளாக இருந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறது.

மைக்செட் கடை தவசிமுத்துவுக்கு இந்தச் சட்டம் ஆகவே ஆகாது. ஆள் கல்லு மாதிரி. ஐம்பத்திரண்டு வயதுவரை ஒரு தும்மலைக்கூட ஊருக்குக் கொடுத்தவர் இல்லை. அதற்காகத்தான் எதிர்த்தார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அவருடைய கட்சி எதிர்த்தது, அவரும் எதிர்த்தார். அவருடைய அக்கா சொர்ணத்தின் வீட்டுக்காரர் கொம்பையாவோ சட்டத்தைக் கொண்டுவந்த கட்சி. லாசர் டீக்கடையில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் தினமும் இதைத்தான் பேசுவார்கள்.

"கேட்டாத் தரமாட்டேனா மச்சான்? கட்டாயம் எதுக்குன்னுதான் கேக்குதேன்" என்பார் தவசிமுத்து.

"கேட்டாத்தான் கிடைக்கும்னா, கேக்க வாய் வராதவன் என்னடே செய்வான்?" என்பார் கொம்பையா.

கொம்பையாவுக்கு நெஞ்சில் கோளாறு. பெரிய மூச்சுத் திணறல். முழுசாக ஒருவர் தாங்கக்கூடியது இல்லை. ஊர் பங்கு போட்டதில் தவசிமுத்துவுக்கு வந்தது புதன்கிழமை பதினொன்று முதல் பதினொன்றேகால் வரை. அந்தக் கால் மணி நேரம் மட்டும் வாக்குவாதம் நிற்கும். தவசிமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருப்பார். ஒருவர் திணறும்போது எதிரே உட்கார்ந்து பேசுவது மரியாதையில்லை என்று கொம்பையா பேப்பரை விரித்து வாசிப்பார்.

தவசிமுத்து கோர்ட்டுக்குப் போனார். ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அவர் பக்கம். தீர்ப்பு இதுதான்: ஒருவர் நோயை இன்னொருவர் சுமக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. எட்டு நாளைக்குள் அவரவர் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நோயாளி விண்ணப்பத்தில் எழுதிக் கேட்டால், விருப்பமுள்ளவர் வைத்துக்கொள்ளலாம். அன்று மத்தியானமே தவசிமுத்து நாலு ஹார்ன் கட்டி வெற்றிப் பேச்சுப் பேசினார். அதில் ஒரு ஹார்னை அக்கா வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தார். அதைத் திருப்பியிருக்க வேண்டாம்.

மறுநாளிலிருந்து கொம்பையா வீட்டு வாசலில் வரிசை நின்றது. நத்தம்பாறைக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அங்கே கிடையாது. ஒவ்வொரு தூக்குவாளியிலும் கொம்பையாவின் திணறலோடு ஒரு பிடி சர்க்கரையும் இருந்தது. "உங்களுது அண்ணாச்சி, சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க" என்று கொடுத்தார்கள். அவரும் பார்த்து வாங்கிக்கொண்டார்.

தவசிமுத்து ஒரு விண்ணப்பத் தாளையும் பேனாவையும் அக்காவிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் கடையிலேயே காத்திருந்தார். கேட்டால் அவர் மட்டுமா, அவர் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் தரத் தயார். கொம்பையா அந்தத் தாளால் சர்க்கரைப் பானையை மூடி வைத்தார். எறும்பு ஏறியது.

எட்டாம் நாள் தவசிமுத்து தன் தூக்குவாளியோடு போனார். அவர்தான் கடைசி. கொம்பையா கட்டிலில் கிடந்தார். முந்நூற்று முப்பத்தொன்பது பங்கும் அவருக்குள்ளே இருந்தது.

"குடுத்துட்டுப் போடே."

"ஒரு வார்த்தை கேளுங்க மச்சான். எழுதக்கூட வேண்டாம்."

கொம்பையா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தவசிமுத்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தூக்குவாளியைக் கொடுக்காமல் வீட்டுக்குத் தூக்கிவந்து ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மச்சான் கேட்காவிட்டாலும் பங்கைத் திருப்ப வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கலாம் என்பது, அக்கா வீட்டிலிருந்து சாயங்காலம் ஆள் வந்து சாவைச் சொன்னபோதுதான் அவருக்கு உறைத்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அந்தச் சர்க்கரையில்தான் சொர்ணம் பாயசம் வைத்தாள். இனிப்பு அளவாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த புதன்கிழமை பதினொன்றுக்குத் தவசிமுத்துவுக்கு மூச்சு முட்டியது. எதிர் பெஞ்சில் கொம்பையா உட்கார்ந்திருந்தார். லாசர் வழக்கம்போல் சர்க்கரை கம்மியாக ஒரு டீ கொடுத்தார். ஒரு பங்கு திரும்பி வராததால் சாவு அந்த அளவுக்குக் குறைகிறது என்று பஞ்சாயத்துக் கிளார்க் விளக்கினார். ரேஷன் கார்டில் கோடு போட்டு அடித்திருந்த கொம்பையாவின் பெயருக்குப் பக்கத்தில், புதன் பதினொன்று முதல் பதினொன்றேகால் வரை என்று எழுதி முத்திரை வைத்தார்.

கொம்பையா இப்போது பேப்பர் வாசிப்பதில்லை. உள்ளதே கால் மணி, இதில் மரியாதைக்கு எங்கே நேரம்? "சொல்லுடே, யார் பேச்சு சரி?" என்று வந்ததும் ஆரம்பித்துவிடுவார். நீங்க சொன்னதுதான் சரி மச்சான், நீங்க கேக்குறவரைக்கும் நான் காத்துக்கிட்டு இருந்திருக்கக் கூடாது என்பதுதான் தவசிமுத்துவின் பதில். நெஞ்சுக்குள் அது தயாராக இருந்தது. மூச்சுத்தான் இல்லை. பதினொன்றேகாலுக்கு மூச்சு வரும்போது பெஞ்சில் பாதி டீதான் இருக்கும்.

பதில் சொல்ல ஆளில்லாமல் கொம்பையாவுக்குச் சலித்துப்போனது. ஒரு வாரம் பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டார், அடுத்த வாரம் ஏழு நிமிஷத்தில். தவசிமுத்து பயந்துபோனார். மன்னிப்பைப் பதிவு பண்ணிப் போட்டிருக்கலாமே என்பீர்கள். பண்ணினார். கடையில் தனியாகப் போட்டுக் கேட்டுப் பார்த்தார். தோற்றுப்போனவனிடம் மச்சானுக்குப் பேச என்ன இருக்கும், டீயை வைத்துவிட்டு உடனே போய்விடுவார் என்று தோன்றியது. அதை அழித்துவிட்டார். டீக்கடை வாசல் கம்பத்தில் ஒரு ஹார்னைக் கட்டி, தீர்ப்பு வந்த அன்றைக்குப் பேசிய வெற்றிப் பேச்சையே புதன்கிழமை ஓடவிட்டார்.

கொம்பையாவுக்கு முகம் மலர்ந்தது. ஹார்னைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிப் பேசினார். பெஞ்சைத் தட்டினார். தன் வாயால் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டு தவசிமுத்து நெஞ்சைப் பிடித்தபடி இருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. திணறலில் வருகிற தண்ணீர் என்று லாசர் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

இப்படி ஏழு மாதம் போயிற்று. ஒரு புதன்கிழமை பதினொன்று பதிமூன்றுக்கு ஹார்ன் வழக்கமான இடத்துக்கு வந்தது. "கேட்டால் தர மாட்டோமா? ஒரே ஒருமுறை கேட்டுத்தான் பாருங்களேன்."

கொம்பையா பெஞ்சைத் தட்டிய கையை எடுத்துக்கொண்டார்.

"சரிடே" என்றார். "கேக்குதேன். இன்னொரு கால் மணி குடு."

தவசிமுத்து வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கொம்பையா அவரைப் பார்த்துக் கேட்கவில்லை. மடியிலிருந்து அந்த விண்ணப்பத் தாளை எடுத்தார். கையெழுத்துப் போட்டிருந்தது. ஓரத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தது. பெஞ்சின் மேல் ஏறி அதை ஹார்னின் வாய்க்குள் போட்டுவிட்டு இறங்கி உட்கார்ந்தார்.

பதினொன்றேகாலுக்குத் தவசிமுத்துவுக்கு மூச்சு வந்தது. ஹார்னுக்கு முட்டியது. வெற்றிப் பேச்சு பாதியில் நின்று, கம்பத்தின் மேல் அது இழுத்து இழுத்துத் திணற ஆரம்பித்தது. எதிர் பெஞ்சில் கொம்பையா இருந்தார். பதினொன்றரை வரை இருப்பார்.

"மச்சான்" என்றார் தவசிமுத்து.

கொம்பையா உதட்டில் விரலை வைத்து, கண்ணால் மேலே ஹார்னைக் காட்டினார். இப்போது மரியாதைக்கு நேரம் இருந்தது. தவசிமுத்துவும் தலையாட்டிக்கொண்டார். ஆளுக்குப் பாதிப் பேப்பரை எடுத்து விரித்தார்கள்.