பாதித் தொட்டி

தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறை அது. கணவர் வெல்டர்; தகடு அளந்து வெட்டுவது மனைவியின் வேலை. பள்ளியில் கணக்கைக் கோட்டைவிட்டவள், பதினேழு வருஷம் கழித்து மறுபடி பரீட்சை எழுதப் போகிறாள். தகடுகளுக்கு நடுவே புத்தகம் எப்போதும் திறந்தே கிடக்கும். எண்ணின் தலைமேல் எழுதும் அடுக்கில் மைனஸும் பின்னமும் வந்தால் மட்டும் அவளுக்கு வண்டி நகராது.

அன்று சலவைக்கடை அக்கா போன் செய்தாள். முன்பு வாங்கிய ஒரு மீட்டர் கனசதுரத் தொட்டி மாதிரியே, பாதித் தண்ணீர், அதாவது ஐந்நூறு லிட்டர் பிடிக்கிற கனசதுரம் ஒன்று வேண்டுமாம்.

“பாதிதானே? எல்லாப் பக்கமும் அம்பது சென்டிமீட்டர் வெட்டிடு” என்றார் வெல்டர்.

வெட்டினாள். அவர் பற்றவைத்தார். கசிகிறதா என்று பார்க்க இருபத்தைந்து லிட்டர் கேனால் ஊற்றினார்கள். இருபது கேன் பிடிக்க வேண்டிய தொட்டி, ஐந்தாவது கேனிலேயே தளும்பி நின்றது.

“என்னடி இது, அநியாயமா இருக்கு!”

“நீளம், அகலம், உயரம் மூணையும் பாதியாக்கிட்டோங்க. அதான் எட்டுல ஒரு பங்காயிடுச்சு.”

சொன்ன மாத்திரத்தில் அவளுக்குப் பொறி தட்டியது. மூன்று தடவை பெருக்கினால் பாதி வரும் எண் எது? பாதி என்றால் இரண்டின் அடுக்கு மைனஸ் ஒன்று. அதற்குக் கனமூலம் எடுத்தால் அடுக்கு மூன்றாகப் பங்காகும்: இரண்டின் அடுக்கு மைனஸ் மூன்றில் ஒன்று! மைனஸ் எண்ணைத் தலைகீழாகக் கவிழ்க்கிறது, பின்னம் மூலத்தை எடுக்கிறது. இவ்வளவுதானா? கால்குலேட்டரைத் தட்டினாள்.

“எழுபத்தொம்பது புள்ளி நாலு சென்டிமீட்டர்!”

“பாதிக்கு எண்பதுகிட்டயா? விளையாடுறியா?”

“பத்தவைங்க, சொல்றேன்.”

மறுநாள் சலவைக்கடை அக்காவும் வந்து நின்றாள். பதினெட்டு, பத்தொன்பது... இருபதாவது கேனின் கடைசிச் சொட்டு விழுந்தபோது தண்ணீர் சரியாக விளிம்பைத் தொட்டது. வெல்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

“எப்படிங்க இவ்வளவு கச்சிதமா?” என்றாள் அக்கா.

“என்னைக் கேக்காதீங்க, வீட்டம்மாவைக் கேளுங்க!”

அவள் சாக்பீஸை எடுத்துத் தொட்டியின் பக்கவாட்டிலேயே முழுக் கணக்கையும் எழுதிக் காட்டினாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் புரியலம்மா. ஆனா அழிச்சிடாதே, அப்படியே வண்டியில ஏத்து.”