முழங்காலுக்கு ஒரு பின்வாசல்

மலேசியாவின் கிள்ளானில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சோலையப்பன் செட்டியார், குத்துக்காலிட்டு அண்டா துடைத்துவிட்டு எழுந்தபோது வலது முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. உள்ளே சவ்வு கிழிந்து, கதவிடுக்கில் சிக்கிய துணி மாதிரி மாட்டியிருக்கிறது, சீக்கிரம் எடுக்காவிட்டால் கால் நீளவே நீளாது என்றார் டாக்டர் சுரேகா.

"ரெண்டு சின்ன ஓட்டைதான், அங்கிள். ஒண்டில கேமரா, மற்றதில கருவி. முழங்கால் சில்லுக்குக் கீழே, முன்னுக்கு, அந்தப் பக்கம் ஒண்டு, இந்தப் பக்கம் ஒண்டு."

செட்டியார் முகம் சுருங்கியது. முகப்பில் நின்றால் பின்கட்டு வாசல் நேராகத் தெரிய வேண்டும், அதுதான் செட்டிநாட்டு வீடு. அந்த ஒழுங்கை முழங்காலிலும் எதிர்பார்த்தவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"ரெண்டு வாசலையும் முன்னாலயே வச்சா எப்படி? ஒண்ணு நேர் பின்னால வைங்க. இல்லேன்னா சைன் பண்ண மாட்டேன்."

"பின்னுக்குப் பெரிய ரத்தக்குழாய் ஓடுது, அங்கிள். அதில பட்டா காலே போயிடும்."

"கொஞ்சம் தள்ளி ஓடச் சொல்லுங்க லா."

சுரேகா முழங்கால் படம் வரைந்து காட்டினார். செட்டியார் அதன்மேலேயே தன் ஊர் வீட்டு வளவும் அடுப்படியும் வரைந்தார். பார்த்துக்கொண்டிருந்த மனைவி தெய்வானைக்குப் பொறுமை போய்விட்டது.

"நாம இருக்கிறது பிரிக்பீல்ட்ஸ்ல பதினேழாவது மாடி. நேர் பின்னால வாசல் வச்சா என்னாகும்?"

"விழுந்து சாவோம்."

"அதத்தான் டாக்டரும் சொல்றாங்க. போடுங்க கையெழுத்த."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

அறுவை அறையில், முதுகில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போக, அவர் விழித்தபடி கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சுரேகா முழங்காலை மடக்கி, விரலால் தடவி மெத்தென்ற பள்ளத்தைத் தேடி, முதல் துளை போட்டுக் கேமராவை விட்டார். இரண்டாவதற்கு எடுத்த எடுப்பில் கத்தி வைக்கவில்லை. மெல்லிய ஊசி ஒன்றை உள்ளே விட்டு, வழியில் எதிலும் இடிக்கவில்லை என்று கேமராவில் பார்த்தார்.

திரையில் ஊசிமுனை எட்டிப் பார்த்ததும், யார் வந்தாலும் வாய் நிறைய வரவேற்றே பழகிய செட்டியார், "வாங்க, வாங்க!" என்றார். நர்ஸ் தாமரை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அடுத்து நுழைந்த கருவிக்கும் அதே உபசாரம் நடந்தது.

கொஞ்ச நேரத்தில், சிக்கியிருந்த சவ்வை எடுத்து முடித்ததும், பச்சைத் துணிக்கு மேலே ஒரு கால் நீட்டி நிமிர்ந்து எழும்பியது.

"யாரு காலு டாக்டர் அது?"

"உங்கடதான், அங்கிள்."

செட்டியார் அந்தக் காலையே பார்த்தார். பிறகு குழந்தை மாதிரி ஓவென்று அழுதார்.

"கீழ எறக்காதீங்க, டாக்டர். இன்னுங் கொஞ்ச நேரம் அப்படியே புடிங்க."