இரண்டு அசல்கள்

அருங்காட்சியகத்தில் பழங்காசு சோதிப்பவளின் கணவன், சுரங்க வேலைக்குப் போன நான்காம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை இரண்டு முறை வீடு திரும்பினான். காலை பத்தரைக்கு ஒருவன், பகல் ஒன்றேகாலுக்கு இன்னொருவன். முதலாமவன் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது இரண்டாமவன் வாசலில் செருப்பைக் கழற்றினான். பேருந்து இருக்கையில் இடம் விடுவதுபோல இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்கள். மாமியார் இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

சுத்தியலால் அடித்த காசு ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. அடிக்கிறவன் கை ஒவ்வொரு முறையும் இம்மியாவது விலகும். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும், விளிம்பு வெடிக்கும். ஒரே கோணல் இரண்டு காசில் ஒரே இடத்தில் இருந்தால் குறைந்தது ஒன்றாவது அச்சில் உருக்கி ஊற்றிய வார்ப்பு, அதாவது போலி என்று அர்த்தம். இருபது ஆண்டுகளாக இதை வைத்தே அவள் அசல், போலி என்று சான்றெழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தாள், ஒருமுறைகூடத் தப்பியதில்லை. ஆகவே இருவரும் பகல் தூக்கத்தில் இருந்தபோது லென்ஸை எடுத்தாள். இடப்புருவத் தழும்பு இருவருக்கும் ஒரே இடத்தில், ஓரம் மழுங்கி, கரைந்த சோப்பைப்போல இருந்தது. பிடரியில், வார்ப்பில் விழுவதுபோல, ஊசிமுனையளவு காற்றுக்குழிகள். அக்குளிலிருந்து குதிகால்வரை, வார்த்தபின் அரம் போட்டுத் தேய்த்த மெல்லிய கோடு, இருவருக்கும். எழுந்ததும் தழும்பு எப்படி வந்தது என்று தனித்தனியாகக் கேட்டாள். இருவரும் சைக்கிளில் விழுந்த கதையைச் சொன்னார்கள். கதையில் அதே சொல் வந்த இடத்தில் இருவரும் இருமினார்கள். இரண்டும் நகல். அசல் இன்னும் வரவில்லை.

ஒரே பெயரில் இரண்டு ஆளைச் சேர்க்கப் பதிவு அலுவலகம் சான்றிதழ் கேட்டது. "உங்க கையெழுத்து போதும்மா, வேற யாரையும் கேக்க மாட்டோம்" என்றார் எழுத்தர். உண்மையை எழுதினால், மகன் வீடு வந்து சேரவில்லை என்று மாமியாரிடம் சொன்னதாகிவிடும். மூன்று நாள் பேனாவைத் திறந்து மூடினாள்.

"பெத்தவளுக்குத் தெரியாதா? ரெண்டும் என் புள்ளதான். ஊர்ல இருக்கற காசுக்கெல்லாம் கையெழுத்து போடுற, கட்டினவனுக்குப் போட கை வலிக்குதா?" என்றாள் மாமியார்.

நான்காம் நாள் "இருவரும் அசல்" என்று எழுதிக் கொடுத்தாள். மாமியார் அதற்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

அதன்பின் ஏழு ஆண்டுகள். இடப்பக்கம் திரும்பினால் ஒருவன், வலப்பக்கம் திரும்பினால் ஒருவன். குடையை எடுத்தால் "எங்க போற?" என்று ஒரே குரலில் கேட்பார்கள். அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை, அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவிட ஒருவன், கூட்டிவர ஒருவன். படுக்கையில் நடு இடம் அவளுடையது. புரண்டு படுக்க வேண்டுமென்றால் இருவரையும் எழுப்ப வேண்டும்.

ஏழாம் ஆண்டு முடிவில் மூன்றாமவன் வந்தான். தோள் ஒன்று இறங்கி, காதோரம் கிழிந்து ஆறி, தாடி ஒரு பக்கம் மட்டும் நரைத்து. தழும்பைத் தடவி, சுவர் ஏறிக் குதித்ததில் வந்தது என்றான்; இல்லையில்லை, சைக்கிள்தான் என்று பாதியில் சிரித்தான். லென்ஸ் தேவைப்படவில்லை.

மாமியார் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "என் புள்ளைங்க ரெண்டு பேரும் உள்ள சாப்பிடுறாங்க. ஏமாத்த வர்றவன் மூஞ்சியாவது ஒத்துப்போற மாதிரி வரக்கூடாதாப்பா?"

"நீயாவது சொல்லு" என்றான் அவன் அவளிடம்.

அவள் வாயைத் திறந்தாள். அந்த ஒரு கையெழுத்து பொய்யென்றால் அருங்காட்சியகத்தின் ஆறு அறைக் காசுகளும் சந்தேகத்துக்குள்ளாகும். மாமியாருக்கு ஏழு ஆண்டு வளர்ந்த இரண்டு பிள்ளைகள் இல்லாமல் போவார்கள். பின்னாலிருந்து இரண்டு தோளிலும் இரண்டு கைகள், ஒரே கனத்தில், ஒரே சமயத்தில் விழுந்தன.

"உள்ள வேலை இருக்கு" என்றாள்.

அவன் எதிர்வீட்டு மாடி அறையை வாடகைக்கு எடுத்துப் பூட்டு ரிப்பேர் செய்யத் தொடங்கினான். தெருவில் யாருக்கும் அவன்மேல் கோபமில்லை. அசல் இரண்டையும் தினம் பார்க்கிறவர்கள் என்பதால் அவனுக்குப் 'போலி' என்ற பெயர் நின்றுவிட்டது. "போலி, இந்தப் பூட்டைக் கொஞ்சம் பாரேன்" என்று அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். இருவரும் கை கழுவப் போகும் அந்த அரை நிமிடத்தில், அவளும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்வாள். அவன் நிமிர்ந்து பார்ப்பான்.