ஒட்டுமொத்த ஒப்புதல்

பள்ளி வாரியத் தலைவர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். சம்பளம் கிடையாது. தேர்தலில் என்னை எதிர்த்து யாரும் நின்றதும் கிடையாது. மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, மாலை ஏழு மணிக்கு, பள்ளி நூலகத்தின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் இடிக்க ஆறு பேர் உட்கார்ந்து, பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும், படித்தார்களா என்று பார்ப்போம். பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வோம். மற்ற நாட்களில் நான் பார்லர் நடத்துகிறேன். பிளாட் ஆற்றுக்கு வடக்கே முப்பது மைலுக்கு என்னை விட்டால் வேறு பார்லர் இல்லை.

ஆறு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு திங்கட்கிழமை மதியம், ஆர்டிஸ் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடமாக முதல் வகுப்பு டீச்சர். முடி வெட்டிக்கொள்ள வரவில்லை என்பது கைப்பையை மடியிலேயே வைத்திருந்ததில் தெரிந்தது.

“வெர்னா, சாயங்கால மீட்டிங்குக்கு ஒப்புதல் பட்டியல் வந்திருக்குமே. ஏழாவது என்னன்னு பாத்தியா?”

“பஸ் டயரா?”

“பஸ் டயர் ஆறாவது. ஏழாவது புது வாசிப்புப் பாடத்திட்டம். எழுத்தோட சத்தத்தச் சொல்லிக் குடுக்கறதையே எடுத்துட்டாங்க. படத்தப் பாத்து, முதல் எழுத்தப் பாத்து, மிச்சத்த ஊகிக்கணுமாம். படமே இல்லாத புஸ்தகத்தக் கையில குடுத்தா அந்தப் புள்ள என்ன பண்ணும்?”

யாரும் மறுக்க மாட்டார்கள் என்று தோன்றும் சில்லறை விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே ஓட்டில் நிறைவேற்றுவது எங்கள் வழக்கம். அதுதான் ஒப்புதல் பட்டியல். ஆனால் ஆறு பேரில் ஒருவர் “இதைத் தனியாக எடுங்கள்” என்று சொன்னால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அது மூட்டையிலிருந்து வெளியே வந்துவிடும், பிறகு அதைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும்.

“எனக்காக நீ சண்டையெல்லாம் போட வேண்டாம். தனியா எடுங்கன்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பேசிக்கறேன்” என்றாள் ஆர்டிஸ்.

“இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே. சொல்றேன், போ.”

அன்று மாலை நூலகத்தில் நிற்க இடமில்லை. வாசிப்புக்காக வந்த கூட்டம் இல்லை அது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துபோனதால் எங்கள் ஃபுட்பால் அணியைப் பதினோரு பேர் ஆட்டத்திலிருந்து எட்டுப் பேர் ஆட்டத்துக்கு இறக்கலாமா என்று அன்றைக்கு முடிவெடுக்க வேண்டும். ஊரே சாவு விழுந்த வீடு மாதிரி இருந்தது.

பள்ளி நிர்வாகத்தைக் கவனிக்கும் கண்காணிப்பாளர் ஃபென்னர் என் பக்கம் சாய்ந்தார். “பட்டியல சட்டுனு முடிச்சிடுங்க வெர்னா. எல்லாரும் கொதிச்சுப் போயிருக்காங்க.”

“யாராவது எதையாவது தனியாக எடுக்க விரும்புகிறீர்களா?” என்று கேட்பது தலைவரின் வேலை. கேட்டேன். கடைசி வரிசையில் ஆர்டிஸ் மடியில் காகிதங்களோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் வேறு யாரோ சொல்வார்கள் என்பதுபோல இடமும் வலமும் திரும்பிப் பார்த்தேன். பிறகு ஓட்டுக்கு விட்டேன். ஆறுக்குப் பூஜ்ஜியம். ஆர்டிஸ் காகிதங்களை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஃபுட்பாலைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். நானும் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று நாலு பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

என்னை யாரும் மிரட்டவில்லை, விலைக்கு வாங்கவில்லை. கூட்டம் முகம் சுளிக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சாக்கும் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் பள்ளியைச் சூடாக்கும் கொதிகலன் வெடித்தது. மே மாதம் ஆர்டிஸ் பக்கத்து மாவட்டப் பள்ளிக்குப் போய்விட்டாள். முடியையும் அங்கேயே வெட்டிக்கொள்கிறாள்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் அக்டோபரிலும் ஃபென்னர் மூன்றாம் வகுப்பின் தேர்ச்சி அறிக்கையைத் திரையில் போடுவார். மொத்தச் சதவீதம் கொஞ்சம் சரியும், அதற்கு ஒரு காரணம் இருக்கும். “பதினேழே பேர் படிக்கிற கிளாஸ். ஒரு புள்ள தடுக்கி விழுந்தா ஆறு சதவீதம் விழும்” என்பார். அதற்குக் கீழே இலவசச் சாப்பாடு வாங்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று ஒரு வரி. அந்த வரியில் எண் இருக்காது, நட்சத்திரக் குறிதான் இருக்கும். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் இன்னார் என்று தெரிந்துவிடும் என்பதால் மறைக்க வேண்டும், அது சட்டம். சின்ன ஊர், எப்போதும் நட்சத்திரம்தான். அந்த நட்சத்திரம் யார் என்று இந்த ஆறு வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெயரோடு சொல்லியிருப்பார்கள். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது எனக்கு?

போன சனிக்கிழமை கெய்லா முடி வெட்டிக்கொள்ள வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் பெண், தனி ஆளாக மகளை வளர்க்கிறாள். மகள் பிரின்லிக்குப் பத்து வயது, நாலாம் வகுப்பு. வாயாடி. எனக்குப் பிடித்த வாயாடி. மேசையிலிருந்த பத்திரிகையை எடுத்து விரித்துக்கொண்டு சோபாவில் சப்பணமிட்டு உட்கார்ந்தது.

“என்ன படிக்கறே?” என்றேன்.

“நாய்க் கதை. படிச்சுக் காட்டவா?”

படித்தது. விரலை வரிகளின் மேல் ஓட்டிக்கொண்டே, ஏற்ற இறக்கத்தோடு, ஒரு நாய் பந்தைத் துரத்திக்கொண்டு ஆற்றில் குதித்து ஜாலியாக நீந்திய கதையைத் தங்குதடையில்லாமல் படித்தது. கெய்லா கண்ணாடியில் மகளைப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

அந்தப் பக்கத்தைக் காலையில்தான் நான் படித்திருந்தேன். அது வெள்ளம் அடித்துக்கொண்டுபோன நாய். எஜமானர் இறந்துவிட்டார். நாய் மட்டும் ஒன்பது நாள் கழித்து நாற்பது மைல் தாண்டிக் கிடைத்தது. அதில் பந்தே கிடையாது. படத்தில் மட்டும் ஓரத்தில் சிவப்பாக ஏதோ மிதந்தது.

பிள்ளை ஏமாற்றவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

“நல்லாப் படிக்கறா இல்ல?” என்றாள் கெய்லா. “எனக்குத்தான் இடையில ஒரு சந்தேகம். ஸ்கூல்ல கேட்டேன், எல்லாம் வந்துரும்னாங்க. போர்டுல நீங்கள்லாம் இருக்கீங்க, பாத்துக்க மாட்டீங்களா என்ன?”

“பிரின்லி, கார்ல என் பை இருக்கு, எடுத்துட்டு வரியா கண்ணு?”

பிள்ளை சாவியோடு துள்ளிக்கொண்டு போனது. கதவு சாத்திக்கொள்ளும்வரை காத்திருந்தேன்.

“கெய்லா, அவளுக்குப் படிக்கத் தெரியல. அந்தப் பக்கத்துல இருக்கறது வேற கதை. அவ மேல தப்பு இல்ல. அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.”

கெய்லா கண்ணாடிக்குள் இருந்தே என்னைப் பார்த்தாள். முதலில் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

“அவ ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடியே” என்றேன்.