கட்டை மேல் போட்ட பழி

நுவரெலியாவில் துவக்குத் திருத்தும் றிச்சர்டின் கடை மேசையில் இரண்டு கட்டைகள் கிடந்தன. துவக்கின் பின்பக்கம் பூட்டி, தோளில் அணைத்து, கன்னத்தை வைத்துக் குறி பார்க்கிற கட்டை. ஒன்று மரம், மற்றது கறுப்புப் பிளாஸ்டிக். இதில் எது வேண்டும் என்று சொல்ல மத்தியாஸுக்கு ஒரு மணித்தியாலம் போதவில்லை.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு டீ ஆறுறதுக்குள்ள சரின்னுட்டீங்க," என்றாள் மனைவி டோரீன். "ஒரு கட்டைக்கு இம்புட்டு யோசனையா?"

"அன்னைக்கு ஒன்னைய மட்டுந்தானே காட்டினாங்க. இங்க ரெண்டு இருக்கே."

றிச்சர்ட் சிரித்தார். மத்தியாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரமாக அவருக்குச் சிரிப்பே வரவில்லை.

வட்டகொடைக்குப் பக்கத்தில், அவர்களுடைய லய வீடுகளுக்குக் கீழே, முப்பது குடும்பங்கள் லீக்ஸும் கிழங்கும் போட்டிருந்தன. காட்டுப்பன்றி இறங்கினால் அடுத்த நாள் பாத்தி இருந்த இடம் தெரியாது. லைசன் உள்ள துவக்கு மத்தியாஸிடம் மட்டும்தான். பதினேழு வருடமாக அவர்தான் காவல். கோயில் திருநாளில் மாதா சுரூபம் தூக்குகிற முதல் தோள் அவருடையது. ஊரில் அவருக்கு இருந்த பேரெல்லாம் அந்தத் துவக்கால் வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள், மாலை நாலரை மணிக்கு, லீக்ஸ் பாத்தியில் கறுப்பாக ஒன்று குனிந்து அசைந்தது. பனிமூட்டத்துக்குள் பன்றியின் முதுகேதான். சுட்டார். அது அலறியபடி எழுந்து நின்றது. மத்தியான மழைக்குப் போர்த்திய கறுப்புப் பொலித்தீனைக் கழற்றாமல் களை பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு! பொலித்தீனின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு குண்டுகள் மண்ணுக்குள் போயிருந்தன. மாதா புண்ணியத்தில் அவள் மேல் ஒரு கீறல் கூட இல்லை.

பழைய மரக்கட்டையில் ஒரு வெடிப்பு. கம்பி சுற்றிக் கட்டியிருந்தார். "கட்டை வழுக்கிருச்சு, மூட்டம் வேற," என்றார். ஊரும் அதையே சொன்னது. அம்மாக்கண்ணுவும் கோபப்படவில்லை. "கட்டைய மாத்திப்புடுங்கண்ணே," என்றவள், ஒன்றை மட்டும் கேட்டாள்: "மூட்டமா? மழை விட்டு நல்லா வெயில் அடிச்சுச்சேண்ணே?" பயந்துபோன பொம்பளைக்கு வெயில் எது, மூட்டம் எது என்று அவர் விட்டுவிட்டார்.

இப்போது கட்டையை மாற்ற வந்திருக்கிறார். அது மட்டும் லேசான வேலையா?

"மரம் கனம். அதனால சுடுறப்ப தோள்ல அடி கொறைவு," என்றார் றிச்சர்ட். "ஆனா நம்ம ஊரு ஈரத்துக்கு ஊதும், வெடிக்கும். பிளாஸ்டிக்குக்கு மழையும் ஒன்னுதான், வெயிலும் ஒன்னுதான். ஆனா லேசா இருக்கும், அடி கொஞ்சம் கூட."

"அப்ப மரம் நல்லது."

"ஈரத்துக்கு?"

"அப்ப பிளாஸ்டிக்."

"ஒங்க தோளு தாங்குமா?"

மத்தியாஸ் தலையைச் சொறிந்தார். குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கலாம் என்பார்கள். அவருக்குக் குட்டைதான் கிடைத்தது, மீனைக் காணோம்.

"புடிச்சுப் பாருங்க," என்று றிச்சர்ட், குண்டு போடாத மத்தியாஸின் துவக்கில் மரக்கட்டையைப் பூட்டிக் கொடுத்தார். கடையின் பின்வாசலைத் திறந்தால் சின்ன முற்றம், எதிரே மதில். குறி பார்ப்பதற்கென்றே மதிலில் சுண்ணாம்பு வட்டமும் நடுவில் கரிப்புள்ளியும் போட்டிருந்தார். மத்தியாஸ் வலது தோளில் அணைத்து, இடது கண்ணை மூடினார்.

"இங்கயும் பனி இறங்கிருச்சே," என்றார்.

டோரீன் வாசலுக்கு வெளியே பார்த்தாள். மதில் மேல் வெயில் சுள்ளென்று அடித்தது.

அடுத்து பிளாஸ்டிக். "மரத்துல கன்னம் வைக்கிற புடைப்பு ஒரு பக்கந்தான்," என்றார் றிச்சர்ட். "இதுக்கு அந்த வம்பு இல்ல. எடது தோள்ல கூட வைக்கலாம். வச்சுப் பாருங்களேன்."

விளையாட்டாக இடது தோளில் வைத்து, வலது கண்ணை மூடினார். வட்டம் தெரிந்தது. புள்ளி தெரிந்தது. புள்ளியின் மேல் ஏறிப்போன எறும்பும் தெரிந்தது!

"இதைத்தான் பூட்டணும்!" மத்தியாஸ் குதிக்காத குறை. "என்னா கட்டைய்யா இது! பளிச்சுன்னு காட்டுது!"

றிச்சர்டின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அண்ணே, கட்டை எப்படிண்ணே காட்டும்?" என்றார் மெதுவாக. "மரத்தையும் எடது பக்கம் வச்சுப் பாருங்க."

மரத்தின் புடைப்பு அந்தப் பக்கம் சரிப்படவில்லை. துவக்கு கோணிக்கொண்டு நின்றது. ஆனால் எறும்பு தெரிந்தது. மத்தியாஸ் விடவில்லை. பிளாஸ்டிக்கை மாட்டச் சொல்லி வலது தோளுக்குக் கொண்டுவந்தார். மூட்டம் இறங்கியது. துவக்கைக் கீழே வைத்துவிட்டு ஒரு கண்ணைப் பொத்தினார், மறு கண்ணைப் பொத்தினார். வெயில், மூட்டம். வெயில், மூட்டம்.

"போன மாசம் மேசைக்கு வெளிய கோப்பைய வச்சீங்களே, அப்பவே நெனச்சேன்," என்றாள் டோரீன். "கண்ணுல பூ விழுந்திருக்குங்க."

அன்றைக்கு மூட்டமே இல்லை. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. குண்டு ஒரு சாண் இந்தப் பக்கம் போயிருந்தால் அம்மாக்கண்ணு இன்றைக்கு மண்ணுக்குள். அவரோ, பாவம், பனியின் மேல் குற்றம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார்.

"எடது கையால சுடுறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க," என்றார் றிச்சர்ட், ஆறுதலாகத்தான். "பிளாஸ்டிக்கைப் பூட்டித் தாறேன். பழகிக்கலாம்."

ஆசையாகத்தான் இருந்தது. ஊருக்கு ஒன்றும் தெரியாது. புதுக் கட்டை, பழைய பேர். வருடா வருடம் லைசன் புதுப்பிக்கிறபோது கண்ணைப் பற்றி யாரும் கேட்டதில்லை. மத்தியாஸ் கறுப்புக் கட்டையைத் தடவிப் பார்த்தார். அந்தப் பொலித்தீனும் இதே கறுப்பு.

"வேணாங்க. பழைய கட்டையவே மாட்டிக் குடுங்க," என்றார். "பொலிஸ்ல ஒப்படைச்சிட்டுப் போறேன்."

"ஏங்க, ஆஸ்பத்திரில கண்ணைக் காட்டிட்டு அப்புறமா..."

"காட்டுவோம். அது வரைக்கும் அது பொலிஸ்ல கெடக்கட்டும்."

வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கியபோது மணி நாலரை இருக்கும். டோரீன் லயத்துக்கு ஏறினாள். மத்தியாஸ் வெறுங்கையோடு தோட்டத்துக்கு இறங்கினார். துவக்கு இல்லாத தோள் யாருடையதோ போல் இருந்தது. லீக்ஸ் பாத்தியில் அம்மாக்கண்ணு குனிந்திருந்தாள். இப்போதெல்லாம் பொலித்தீன் போர்த்துவதில்லை. மருமகளின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தோட்டத்துக்கு வருகிறாள்.

"கட்டைய மாத்திட்டீங்களாண்ணே?" என்றாள் நிமிர்ந்து.

"இல்ல தங்கச்சி."

"ஏன்? நல்லது கெடைக்கலியா?"

மத்தியாஸ் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். சிவப்புச் சட்டையின் பொத்தான் வரைக்கும் தெரிந்தது.

"கட்டையில ஒரு குத்தமும் இல்ல அம்மாக்கண்ணு," என்றார். "அன்னைக்கு வெயில்தான்."